நடு இருக்கையும் துத்தநாகக் குளியலும்: மாத்ரா முரேனாவின் கதை

கூரையின் உயரம் 1.22 மீட்டர். பக்கத்தில் நின்றால் நம் மார்பளவுக்குத்தான் வரும். கதவைத் திறந்து, முதலில் இடுப்பை உள்ளே வைத்து, தலையைக் குனிந்து, கடைசியாகக் கால்களை இழுத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போனதும் ஸ்டீயரிங்குக்கு முன்னால் கண்ணில் படுவது இருக்கைகள்தான். பின் இருக்கை என்று எதுவும் கிடையாது. முன்னாலேயே ஒரே வரிசையில் மூன்று. இடது ஓரத்தில் ஓட்டுபவர், வலது ஓரத்தில் ஒருவர், இருவருக்கும் நடுவே இன்னொருவர். நடு இருக்கையின் முதுகை மடக்கினால் அது கை ஊன்றும் பலகையாகிவிடும். இரண்டு பேர் போகும்போது அது சொகுசு. மூன்றாமவர் வந்துவிட்டால் முதுகை நிமிர்த்தி இடம் கொடுக்கலாம்.

இதுதான் மாத்ரா முரேனா. 1980 முதல் 1983 வரை பிரான்சில் தயாரானது. மொத்தம் 10,680 கார்கள். ஸ்போர்ட்ஸ் கார் உலகத்தில் இது ஒன்றும் விரல்விட்டு எண்ணும் எண்ணிக்கை இல்லை. சில இத்தாலிய நிறுவனங்கள் இதில் நூற்றில் ஒரு பங்குகூடச் செய்யாமல் புகழ் பெற்றிருக்கின்றன. ஆனால் அந்தக் கார்கள் அபூர்வமாக இருக்க வேண்டும் என்றே செய்யப்பட்டவை. முரேனா அப்படியில்லை. சாதாரணச் சம்பளக்காரர் கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாங்கக்கூடிய விலையில், ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும் என்று திட்டமிட்ட கார். அது ஏன் மூன்றே ஆண்டுகளில் நின்றது என்பதற்கு 'விற்கவில்லை' என்ற வழக்கமான பதில் போதாது. அதைச் செய்தவர்களின் கையிலேயே அதைவிடப் பெரிய யோசனை ஒன்று இருந்தது. அந்த யோசனைதான் முரேனாவை விழுங்கியது.

மாத்ரா கார்க் கம்பெனியாகப் பிறந்ததல்ல. ஏவுகணை செய்த நிறுவனம். இயந்திரவியல், விமானம், இழுவை என்று பொருள்படும் மூன்று பிரெஞ்சுச் சொற்களின் முதல் எழுத்துகளைக் கோத்து வந்த பெயர். இந்திய விமானப்படையின் மிராஜ் 2000 விமானங்களைப் பற்றிப் படித்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதாக இருக்காது. அவற்றின் இறக்கைக்கு அடியில் தொங்கிய 'மேஜிக்' ஏவுகணை மாத்ராவின் சரக்குதான். அப்படிப்பட்ட நிறுவனம் காருக்கு வந்தது ஒருவகையில் நட்புக்காக. ரெனே பொனே என்ற பந்தயக்காரர் சொலோஞ் பகுதியில் இருக்கும் ரொமொரான்தன் என்ற சிற்றூரில் ஃபைபர் உடம்பு கொண்ட சிறிய ஸ்போர்ட்ஸ் கார்களைச் செய்துகொண்டிருந்தார். பணம் தீர்ந்துபோனது. அவருக்கு வேண்டியவரான மாத்ராவின் நிறுவனர் மார்செல் ஷசாஞி 1964-இல் தொழிலை எடுத்துக்கொண்டார்.

ரொமொரான்தன் பற்றி ஒரு வார்த்தை. 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மன்னர் முதலாம் பிரான்சுவா இந்த ஊரில் ஓர் அரண்மனை நகரம் எழுப்ப ஆசைப்பட்டு, லியோனார்டோ டா வின்சியிடம் வரைபடம் கேட்டார். வரைபடம் வந்தது, நகரம் வரவில்லை. காகிதத்தில் நின்றுபோன நல்ல யோசனைகளுக்கு அந்த ஊர் பழக்கப்பட்டதுதான்.

பொனே விட்டுச் சென்ற கார் ஒன்று உண்டு. 1962-இல் வந்த 'ஜெட்'. சாலையில் ஓட்ட எவரும் வாங்கக்கூடியதாகத் தயாரான கார்களில், என்ஜினை இருக்கைக்குப் பின்னால், பின் அச்சுக்கு முன்னால் வைத்த முதல் கார் இதுதான். பெயரின் எழுத்துக்கூட்டலில் ஒரு வேடிக்கை இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் 'ஜெட்' என்பதைத் தங்கள் வழக்கப்படி 'ழே' என்று படித்துவிடுவார்கள் என்று பயந்து, முன்னால் ஒரு 'டி' எழுத்தைச் சேர்த்தார்கள். விண்வெளிக்கு முதலில் போன யூரி ககாரினுக்கு 1965-இல் பிரெஞ்சு அரசு பரிசாகக் கொடுத்ததும் இந்தக் கார்தான். ஏவுகணைக்காரர்கள் செய்த காரை விண்வெளிக்காரர் மாஸ்கோவில் ஓட்டினார்.

என்ஜினை ஏன் நடுவில் வைக்க வேண்டும்? இரு முனையிலும் நிறைகுடம் தொங்கும் காவடியைத் தோளில் வைத்துக்கொண்டு சட்டென்று திரும்பிப் பாருங்கள். உடம்பு திரும்பிவிடும், குடங்கள் திரும்ப மறுக்கும். திரும்பியபின் நிற்கவும் மறுக்கும். அதே கனத்தை ஒரே மூட்டையாகத் தலையில் வைத்துக்கொண்டால் சுலபமாகத் திரும்பலாம். காரிலும் அதே கணக்குத்தான். மிகக் கனமான பொருளான என்ஜின் முன்மூக்கிலோ வால்பக்கத்திலோ தொங்காமல் நடுவில் இருந்தால், வளைவில் கார் சொன்ன பேச்சைக் கேட்கும். பந்தயக் கார்கள் எல்லாம் 1960-களில் அந்தப் பக்கம் சாய்ந்தது இதனால்தான். சாலைக் காருக்கு அது ஒரு தலைவலியைக் கொண்டுவந்தது: பின் இருக்கை இருக்க வேண்டிய இடத்தில் என்ஜின் உட்கார்ந்துகொண்டது.

அடுத்து 1967-இல் மாத்ரா செய்த 530 என்ற கார் அந்தத் தலைவலியோடு மல்லுக்கட்டியது. பெயர் ஆர்-530 என்ற சொந்த ஏவுகணையிலிருந்து வந்தது. ஃபோர்டின் குட்டையான வி-4 என்ஜினைப் போட்டு, மிச்சமான இடத்தில் இரண்டு குட்டி இருக்கைகளைத் திணித்தார்கள். அவற்றில் மனிதர் உட்காருவதைவிடக் கைப்பை உட்காருவது நல்லது. ஓவியர் சோனியா தெலோனே ஒரு 530-க்குத் தம் வண்ணக் கட்டங்களால் உடுப்புப் போட்டுக் கொடுத்தார். கலை உலகத்தில் அது பேசப்பட்டது. விற்பனைதான் பேசும்படி இல்லை. ஆறேழு ஆண்டுகளில் பத்தாயிரத்தைத் தொடவில்லை.

இதற்கிடையே நிறுவனத்தின் கடிவாளம் ழான்-லுக் லகார்தேர் கைக்கு வந்திருந்தது. பந்தயத்தில் ஜெயித்தால்தான் ஊருக்கு நம் பெயர் தெரியும் என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கு தப்பவில்லை. 1969-இல் மாத்ரா செய்த காரை கென் டிரலின் அணிக்காக ஓட்டி ஜாக்கி ஸ்டீவர்ட் ஃபார்முலா ஒன் உலகப் பட்டத்தை வென்றார். லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் 1972, 1973, 1974 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து மாத்ரா முதலில் வந்தது. மூன்றிலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர் ஆன்ரி பெஸ்கரோலோ. முதல் முறை கிரகாம் ஹில்லோடு, அடுத்த இரண்டு முறை ஜெரார் லரூஸோடு. அந்தப் பந்தயக் கார்களின் பன்னிரண்டு சிலிண்டர் என்ஜின் எழுப்பிய கீச்சொலிக்கு இன்றும் ரசிகர்கள் இருக்கிறார்கள்.

புகழ் வந்தது, கடைதான் இல்லை. கார் செய்தால் போதாது. விற்க, பழுது பார்க்க ஊருக்கு ஊர் ஆள் வேண்டும். அதற்காக அமெரிக்க கிரைஸ்லரின் பிடியில் இருந்த பிரெஞ்சுக் கார் நிறுவனமான சிம்காவோடு மாத்ரா உறவு வைத்துக்கொண்டது. கொஞ்ச காலம் ஃபோர்டு என்ஜின் பூட்டிய 530-ஐ சிம்கா கடையில் விற்கும் கூத்தும் நடந்தது. அடுத்த கார் முழுக்க சிம்கா உறுப்புகளால் ஆக வேண்டும் என்று முடிவானது. அந்தக் கார்தான் பகீரா.

பெயர் நமக்குப் பக்கத்து வீட்டுப் பெயர். கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' கதையில், மத்திய இந்தியாவின் சியோனிக் காட்டில் மௌக்லிக்குத் துணையாக வரும் கருஞ்சிறுத்தை. 1973-இல், லெ மான் வெற்றியின் சூடு ஆறுவதற்குள் கூட்டத்தின் முன் நிறுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டு அந்தப் பந்தயத்தின்போதே காட்டினார்கள். பின் இருக்கைத் தலைவலிக்குப் பொறியாளர் பிலிப் கெதோனின் கூட்டம் கண்டுபிடித்த மருந்து இதில்தான் முதலில் வந்தது: பின்னால் இடமில்லையென்றால் பக்கவாட்டில் தேடு. காரை அகலமாக்கி மூவரை ஒரே வரிசையில் உட்கார வைத்தார்கள். ஓட்டுபவருக்குத் தனி இருக்கை, மற்ற இருவருக்கும் ஒட்டிய ஆசனம்.

பின்னாளில் பிரிட்டனின் மெக்லாரன் எஃப்1 மூன்று இருக்கைகளோடு வந்தபோது உலகம் வாய் பிளந்தது. அதில் ஓட்டுபவர் நடுவில், மற்ற இருவர் இரண்டு பக்கமும் சற்றுப் பின்னால். அது பந்தய வீரரின் கற்பனை. மாத்ராவின் மூன்று இருக்கை குடும்பஸ்தரின் கணக்கு. கணவன், மனைவி, நடுவில் குழந்தை. அல்லது மூன்று நண்பர்கள், எவரும் பின்னால் ஒதுக்கப்படாமல், எல்லோருக்கும் அதே சாலை, அதே பேச்சு. இரண்டு பேர் கார் வாங்கினால் மூன்றாவது நண்பரைப் பிளாட்பாரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டும் என்ற குற்ற உணர்வு இதில் இல்லை. என்னைக் கேட்டால், மெக்லாரனுடையதைவிட இதுதான் மனிதத்தன்மை உள்ள வடிவம்.

பகீரா விற்றது. 1980 வரை 47,796 கார்கள். மாத்ரா அதுவரை கண்டிராத எண்ணிக்கை. ஆனால் அதன் உள்ளே ஒரு வினை இருந்தது. உடம்பு முழுவதும் கண்ணாடி இழை சேர்த்த பாலியெஸ்டர், துருவே பிடிக்காது. அந்த உடம்பைத் தாங்கிய எலும்புக்கூடு சாதாரண எஃகு. தகடுகளை மடித்து ஒட்டவைத்த சட்டங்கள், அவற்றின் உள்ளே வெற்றிடம், அந்த வெற்றிடத்தில் தேங்கும் ஈரம். ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் உப்பு வேறு தூவுவார்கள். வெளியே கார் புதுப்பெண் மாதிரி மின்னும். அத்திப்பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் புழு. எஃகு உடம்புள்ள காராக இருந்தால் கதவோரம் கொப்பளித்து முன்கூட்டியே எச்சரித்திருக்கும். இதில் எச்சரிக்கையே கிடையாது. 1975-இல் ஜெர்மனியின் மோட்டார் சங்கமான ஏடிஏசி, தரக்குறைவுக்கு அவமானப் பரிசாகக் கொடுக்கும் 'வெள்ளி எலுமிச்சை'யை பகீராவுக்கு வழங்கியது.

என்ஜினும் காரின் தோற்றத்துக்குத் தோதாக இல்லை. முதலில் வந்தது 1,294 சிசி, 84 குதிரைத்திறன். சிறுத்தையின் பெயரை வைத்துக்கொண்டு பூனையின் வேகம். இதைச் சரிசெய்ய, பந்தய என்ஜினை வடிவமைத்த ழோர்ழ் மார்த்தன் ஒரு விபரீத வேலையைச் செய்தார். இரண்டு சிம்கா நான்கு சிலிண்டர் என்ஜின்களை ஒன்றுக்கொன்று பக்கத்தில் சாய்த்து நிறுத்தி, அடியில் இணைத்து, எட்டு சிலிண்டர் ஆக்கினார். எதிரே நின்று பார்த்தால் 'யூ' எழுத்து, அதனால் யூ-8. எரிபொருள் நெருக்கடி உலகத்தைப் பிடித்த காலம் அது. ஒரு சில முன்மாதிரிகளோடு அந்த ஆசை மடிந்தது. பெட்ரோல் பங்கில் வரிசை நிற்கும்போது இரண்டு என்ஜின் கொண்ட காரை எந்த முகத்தோடு விற்பது?

முரேனா பிறந்தது இந்த அவமானத்திலிருந்துதான். சிறுத்தைக்குப் பிறகு மீன்: பாறை இடுக்கில் பதுங்கி, இரை வந்தால் பாயும் கடல் விலாங்கின் பெயர். 1980 அக்டோபரில் பாரிஸ் கண்காட்சியில் மேடையேறியது. கிரேக்க வடிவமைப்பாளர் அந்தோனிஸ் வொலானிஸின் கைவண்ணம். மூக்கு ஒரு கூரான ஆப்பு. ஹெட்லைட்டுகள் பகலில் பானெட்டுக்குள் மூடிக்கொண்டு தூங்கும். காற்றைக் கிழிப்பதில் அதன் எதிர்ப்பு எண் 0.328. காற்றுச் சோதனைக் கூடத்தில் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த எண் அது. அந்த நாளில் பெருமைப்பட்டுக்கொள்ளத் தக்கது.

உண்மையான வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடந்திருந்தது. இந்த முறை எலும்புக்கூட்டை முழுசாகவே துத்தநாகத்தில் முக்கினார்கள். பூச்சு அடிப்பது வேறு, முக்கி எடுப்பது வேறு. துத்தநாகம் ஏறக்குறைய 420 பாகை செல்சியஸில் உருகும். அதைவிடச் சற்றுக் கூடுதலான சூட்டில் ஒரு தொட்டி நிறைய உருக்கி, அதில் எஃகுச் சட்டத்தை அமிழ்த்தி எடுத்தால், பிரஷ் போகாத மூலை, வெல்டு போட்ட இணைப்பு, சட்டத்தின் உள்வெற்றிடம் எல்லாவற்றிலும் உலோகம் பாய்ந்து படியும். அப்படிப் படிந்தது எஃகோடு கலந்து ஒரு தோலாகிவிடும். அதோடு முடியவில்லை. ஈரம் பட்டால் எஃகைவிடத் துத்தநாகம் முந்திக்கொண்டு அரியும். எங்காவது கீறல் விழுந்து எஃகு தெரிந்தால்கூட, சுற்றியிருக்கும் துத்தநாகம் தன்னைக் கொடுத்து அதைக் காக்கும். மின்கம்பங்களுக்கும் மாட்டுக்கொட்டகைக் கூரைத் தகடுகளுக்கும் இதைத்தான் செய்கிறார்கள். அதை ஒரு காரின் மொத்தச் சட்டத்துக்கும் செய்ய 1980-இல் மெனக்கெட்டவர்கள் மிகக் குறைவு.

அந்த எலும்பின் மேல் போர்த்தியது மறுபடியும் பாலியெஸ்டர். இதற்கும் காரணம் ஆசை இல்லை, கணக்கு. எஃகுத் தகட்டை அடித்து வடிவமாக்கும் பிரம்மாண்டமான அச்சுகளுக்கு ஆகும் செலவை லட்சக்கணக்கில் கார் விற்பவர்தான் மீட்க முடியும். பாலியெஸ்டர் அச்சு மலிவு. ஆண்டுக்கு ஐயாயிரம், பத்தாயிரம் கார் செய்பவருக்கு அதுதான் கட்டுப்படியாகும். ஒவ்வொரு பலகைக்கும் உழைப்பு கூடுதல்தான். எண்ணிக்கை ஏறினால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அந்தத் தலைகீழ் மாத்ராவின் கதையின் கடைசியில் வரும்.

என்ஜின் விஷயத்தில் மட்டும் பழைய சாபம் தொடர்ந்தது. நடுவில் பெயர்ப்பலகை மாறியிருந்தது: 1978-இல் கிரைஸ்லர் தன் ஐரோப்பியக் கடையைக் கட்டிக்கொண்டு பெஜோ என்ற பிரெஞ்சுக் கார் நிறுவனத்திடம் விற்றுவிட்டுப் போனது, சிம்கா என்ற பெயரை எடுத்துவிட்டு டால்போ என்ற பழைய பெயரை பெஜோ தூசி தட்டி மாட்டியது. முரேனா அந்த டால்போ வீட்டிலிருந்து இரண்டு என்ஜின்களை வாங்கிக்கொண்டது. ஒன்று 1.6 லிட்டர், 92 குதிரைத்திறன். சிம்கா காலத்து வடிவம், வால்வுகள் தையல் மிஷின் போலத் தடதடக்கும் குணம் பிரசித்தம். இன்னொன்று 2.2 லிட்டர், 118 குதிரைத்திறன். டகோரா என்ற பெரிய டால்போ காருக்கு உரியது. அந்த டகோராவும் விலைபோகாமல் மூலையில் நின்றது. கார் சுமார் ஆயிரம் கிலோ எடைதான் என்பதால் பெரிய என்ஜினோடு அது மணிக்கு 200 கிலோமீட்டரை எட்டிப் பிடிக்கப் பார்க்கும். ஓட்டிப் பார்த்த பத்திரிகையாளர்கள் பொதுவாகச் சொன்னது: சாலைப் பிடிப்பு அபாரம், இந்தச் சட்டம் இன்னும் எவ்வளவோ திறனைத் தாங்கும், ஏன் கொடுக்கவில்லை?

கொடுத்தார்கள், தாமதமாக. இரண்டு இரட்டைக் கார்புரேட்டர்கள், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் வேறு என்று மாற்றி 142 குதிரைத்திறனுக்கு ஏற்றிய 'முரேனா எஸ்' வந்தபோது கடையே மூடும் நேரம். 480 கார்கள் மட்டும் வெளியே வந்தன. மொத்தக் கணக்கைப் பிரித்தால்: 1.6 லிட்டர் 5,640, சாதாரண 2.2 லிட்டர் 4,560, எஸ் 480. பாதிக்கு மேற்பட்ட வாடிக்கையாளர்கள் சின்ன என்ஜினையே எடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேகத்தைவிட வடிவமும் மூன்று இருக்கையும் பெரிதாக இருந்திருக்க வேண்டும்.

ஏன் இன்னும் விற்கவில்லை என்பதற்குக் காரணங்கள் வரிசைகட்டி நிற்கின்றன. ஸ்டீயரிங் இடப்பக்கம் மட்டும். வலப்பக்கம் வைத்துத் தொழிற்சாலை செய்யவே இல்லை, அதனால் பிரிட்டன் போன்ற பெரிய சந்தை கைநழுவியது. விற்ற கடைகளில் பக்கத்தில் நின்றவை சாதுவான குடும்பக் கார்கள். கடைக்காரருக்கும் இதை எப்படிப் பேசி விற்பது என்று பழக்கமில்லை. இதையெல்லாம்விட, 1976-இல் வந்த ஃபோக்ஸ்வாகனின் கோல்ஃப் ஜிடிஐ என்ற வேகமான சிறிய குடும்பக் கார், ஸ்போர்ட்ஸ் காரின் அடிமடியிலேயே கை வைத்துவிட்டது. நான்கு பேர் உட்காரலாம், சந்தைக்குப் போய் மூட்டை ஏற்றலாம், மலைப்பாதையில் ஸ்போர்ட்ஸ் கார்களைத் துரத்தலாம். இப்படி ஒரு பெட்டி கிடைக்கும்போது, அழகுக்காகக் குனிந்து ஏறுபவர்கள் குறைந்துபோனார்கள்.

இருந்தும் முரேனா இவற்றால் சாகவில்லை. அதற்குள் கெதோனின் மேஜையில் வேறொரு வரைபடம் விரிந்திருந்தது. அமெரிக்காவில் மக்கள் வேன்களை வீட்டுக் காராகவே ஓட்டுவதை அவர் கவனித்திருந்தார். வேனின் இடவசதி, காரின் ஓட்டுசுகம், சமதளத் தரை, நகர்த்தக்கூடிய இருக்கைகள் என்று ஒரே பெட்டியாக ஒரு வாகனம் செய்ய முடியாதா? மூன்று பேரை ஒரே வரிசையில் உட்கார வைத்த மூளைக்கு ஏழு பேரை மூன்று வரிசையில் உட்கார வைப்பது இயல்பான அடுத்த படி. மாதிரி செய்து பெஜோவிடம் காட்டினார்கள். பெஜோ அப்போது டால்போவை விழுங்கிய அஜீரணத்தில் இருந்தது. புதிய பரீட்சைக்குப் பணம் இல்லை என்று கைவிரித்துவிட்டது. மாத்ரா வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு ரெனோவின் கதவைத் தட்டியது. கதவு திறந்தது. 1982 இறுதியில் மாத்ரா ரெனோவோடு கைகோத்தது.

ரொமொரான்தனில் இருந்தது ஒரே தொழிற்சாலை. ரெனோவின் பெயரில் வரப்போகும் அந்தப் புதிய வாகனத்துக்கு இடம் வேண்டும், ஆள் வேண்டும். முரேனாவோ போட்டியாளரான பெஜோவின் என்ஜினில் ஓடும் கார். 1983-இன் நடுவில் அதன் வரிசை நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு அதே கூரையின் கீழிருந்து ரெனோ எஸ்பாஸ் வெளியே வந்தது. வந்த முதல் மாதம் ஒன்பது எஸ்பாஸ்கள்தான் விற்றன என்பது பிரெஞ்சுக் கார்த்தொழிலில் அடிக்கடி சொல்லிச் சிரிக்கும் கதை. பிறகு நடந்ததுதான் உலகத்துக்குத் தெரியும். இன்று நம் சாலைகளில் ஓடும் ஏழு இருக்கைக் குடும்ப வாகனங்களுக்கு ஐரோப்பியப் பாட்டன் அது. மாத்ரா செய்து கொடுத்த எஸ்பாஸ்கள் மட்டும் எட்டு லட்சத்துக்கு மேல்.

அந்த எஸ்பாஸின் தோலை உரித்தால் உள்ளே இருப்பது என்ன? துத்தநாகத்தில் முக்கியெடுத்த எஃகுச் சட்டம், மேலே ஒட்டிய பாலியெஸ்டர் பலகைகள். முரேனாவில் கற்ற பாடம் அப்படியே. ஸ்போர்ட்ஸ் கார் ஒத்திகை, வேன்தான் அரங்கேற்றம்.

தலைகீழ் வரும் என்றேனே, அது 2002-இல் வந்தது. எஸ்பாஸ் அவ்வளவு விற்கத் தொடங்கியபின் பாலியெஸ்டர் கட்டுப்படியாகவில்லை. நான்காம் தலைமுறையை எஃகில் செய்ய ரெனோ தன் சொந்தத் தொழிற்சாலைக்கே எடுத்துக்கொண்டது. ஈடாக மாத்ரா செய்த அவான்டைம் என்ற விநோதமான இரு கதவுப் பெரிய கார் 8,557 வண்டிகளோடு முடிந்தது. 2003-இல் ரொமொரான்தன் தொழிற்சாலை மூடப்பட்டது. லகார்தேர் இறந்ததும் அதே ஆண்டு. ஊரில் இப்போது ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஜெட்டும் 530-ம் பகீராவும் முரேனாவும் லெ மான் கார்களும் அங்கே நிற்கின்றன.

இன்று முரேனாவைத் தேடுபவர்கள் யார்? பெரும்பாலும் பணக்காரச் சேகரிப்பாளர்கள் அல்ல. அவர்கள் போர்ஷேவுக்கும் ஃபெராரிக்கும் போய்விடுகிறார்கள். அந்தக் கார்களின் விலையோடு ஒப்பிட்டால் முரேனா இன்னும் எளியவரின் பொருள். இதைத் தேடுபவர், சாயங்காலம் கையில் எண்ணெய் ஒட்டினால் முகம் சுளிக்காதவர். என்ஜின், பிரேக், கிளட்ச் எல்லாம் அந்தக் காலச் சாதாரணக் கார்களின் உறுப்புகள் என்பதால் ஐரோப்பாவில் தேடினால் கிடைக்கும். கிடைக்காதவை இந்தக் காருக்கென்றே வார்த்த பொருள்கள்: உள்ளலங்காரப் பிளாஸ்டிக், பின்பக்க விளக்கு, கண்ணாடி. அவற்றுக்கு பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து ஆகிய நாடுகளின் உரிமையாளர் மன்றங்களை அண்ட வேண்டும். அங்கே ஒருவருடைய கொட்டகையிலிருந்து இன்னொருவருடைய கொட்டகைக்குப் பொருள் நகரும்.

பகீராவில் நாற்பதாயிரத்துக்கு மேல் செய்தும் நல்ல நிலையில் ஒன்றைக் கண்டுபிடிப்பது பாடாக இருக்கிறது. முரேனாவில் பத்தாயிரம்தான், ஆனால் நாற்பது ஆண்டுக்குப் பிறகும் அதன் சட்டத்தைத் தட்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்கிறது. ஓர் இடத்தைத் தவிர. பின்சக்கரங்களைத் தாங்கிப் பின்னோக்கி நீளும் சஸ்பென்ஷன் கைகள் இரண்டையும் அந்தத் துத்தநாகத் தொட்டிக்குள் அவர்கள் இறக்கவில்லை. சட்டம் முழுவதையும் முக்கியவர்கள் அந்த இரண்டு துண்டுகளையும் வெறும் பெயிண்டோடு விட்டுவிட்டார்கள். எதிலுமே துருப்பிடிக்காத காரில் துரு போய் உட்காரும் ஒரே இடம் அதுதான். ஆகவே விவரமறிந்தவர் முரேனா பார்க்கப் போனால், கதவைத் திறந்து மூன்று இருக்கையைப் பார்த்துச் சொக்குவதற்கு முன், கோணிப்பையைத் தரையில் விரித்துப் படுத்து, டார்ச் அடித்து, பின்சக்கரத்துக்கு உள்பக்கமாக ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்க்கிறார்.